குங்குமப் பொட்டு வைத்த பழைய தட்டு

போன ஆயுத பூஜையன்று உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நானும் வந்திருந்தேன். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் பூ, பொரி, வெல்லம், வாழைப்பழம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தீர்கள். அதற்கு நடுவில் அகார் கூழ் காய்ந்து ஓரம் சுருங்கிப்போன ஒரு பழைய புழுத் தட்டு, மூடியில் சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதைப் பார்த்து, "இதைத் தூக்கிப் போட மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர், "அது வருஷா வருஷம் வைக்கிறதும்மா" என்றார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்தத் தட்டை முதன்முதலில் அங்கே வைத்தவன் நான்தான். காரணத்தைச் சொல்லாமல் போய்விட்டால் அது வெறும் சடங்காக நின்றுவிடும். பூஜை செய்கிறவன் என்பதாலேயே சொல்கிறேன், காரணம் மறந்த சடங்கைப்போல பாவம் வேறில்லை. பத்தாவது வரை படித்தவன் எழுதுவது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடையாறில் இந்த ஆய்வுக்கூடத்தில் நான் கண்ணாடிப் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தேன். சைதாப்பேட்டை வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவேன். புழு அறையில் ஆள் குறைந்தபோது, எங்கள் தலைவர் (அவரைப் பெரிய சார் என்போம்) கை நடுங்காத ஆளாக ஒருவர் வேண்டும் என்று கேட்டார். பிப்பெட் கழுவி ஒன்றுகூட உடைக்காத ஆள் என்று ஸ்டோர்காரர் என்னை அனுப்பிவைத்தார்.

புழு என்றதும் மண்புழு என்று என் மனைவி நினைத்துக்கொண்டாள். இது உருளைப்புழு. வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்கு வெள்ளை நூல் துணுக்கு. அகார் தட்டில் பாக்டீரியாவைப் பூசி விட்டால் அதைத் தின்று வளர்ந்து, நான்கே நாளில் முட்டை போடும். சாப்பாடு தீர்வதற்குள் பிளாட்டினக் கம்பியின் நுனியால் ஒன்றிரண்டைத் தொட்டு எடுத்துப் புதுத் தட்டில் விட வேண்டும். வம்சம் அப்படித்தான் நடக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது.

கம்பியை ஒவ்வொரு தடவையும் விளக்கில் காட்டிப் பழுக்க வைத்து, ஆறிய பிறகுதான் தொட வேண்டும். முதல் நாள் எனக்கு அவசரம். ஆறுவதற்கு முன்னால் தொட்டுத் தொட்டுப் பல புழுக்களைப் பொசுக்கிவிட்டேன். சனிக்கிழமை விரதம் இருக்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பியை விளக்கிலிருந்து எடுத்ததும் ஒரு தடவை ஸ்ரீராமஜெயம் சொல்வேன், சொல்லி முடித்தால் கம்பி ஆறியிருக்கும். அப்புறம் ஒன்றுகூடப் பொசுங்கவில்லை. உங்களுக்கு எந்தப் பெயரோ அதைச் சொல்லிக்கொள்ளுங்கள். சூடு ஆறாத கையால் எதையும் தொடாதீர்கள் என்பதுதான் விஷயம்.

நெற்றியில் விபூதியும் வாயில் முணுமுணுப்புமாக இருந்ததால் எனக்குப் புழுச்சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் கதவில் தலையை நீட்டி, "இன்னா சாமி, கொயந்தைங்கோ துன்னுச்சா?" என்று கேட்காத நாள் கிடையாது. நானும் துன்னாச்சு நைனா என்பேன்.

இந்தத் தட்டுக்குக் காரணமான அம்மா வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். மயிலாப்பூர்க்காரர், மாடவீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணா என்பார். எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். செய்கிற வேலை எதற்கு என்று என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வந்த இரண்டாம் வாரம் என்னை உட்கார வைத்துச் சொன்னார். ஒன்றிரண்டு வருஷம் முன்னால் வெளிநாட்டில் இதே புழுவில் ஒரு அதிசயம் பார்த்திருக்கிறார்கள். பொதுவாக ஜீன் என்பது புரதம் செய்யச் சொல்லி எழுதிய உத்தரவு மாதிரி. ஆனால் ஒரு ஜீனிலிருந்து புரதம் வரவில்லை, துண்டு ஆர்என்ஏதான் வந்தது. இருபத்திரண்டு எழுத்து, அவ்வளவுதான். அது வேறொரு ஜீனின் உத்தரவு மேல் போய் உட்கார்ந்து, அதைப் படிக்க விடாமல் நிறுத்திவிடுகிறது. அந்தத் துண்டு இல்லாத புழுவுக்கு எப்போது வளர வேண்டும் என்று தெரியாது. ஒன்றாம் கிளாஸையே திரும்பத் திரும்பப் படிக்கிற பிள்ளை மாதிரி, உடம்பு நீண்டாலும் பெரியவளாகாது. முட்டை வெளியே வர வாசல் இருக்காது. வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்றுவிட்டு வெளியே வரும்.

இத்தனை சின்னத் துண்டு தனியாக இவ்வளவு வேலை செய்யுமா என்று நான் கேட்டேன். கேட்ட பிறகு, அதிகப்பிரசங்கித்தனமோ என்று பயந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதேதான் அண்ணா என் கேள்வியும். கபாலி கோவில்ல அர்ச்சனைச் சீட்டு வாங்கறோம். எந்த சன்னதின்னு அதுல இருக்கு. சீட்டு தானா போய் அர்ச்சனை பண்ணுமா? குருக்கள் கையில வாங்கிண்டு உள்ள போகணும். இந்தத் துண்டு ஆர்என்ஏ வெறும் சீட்டு. இதைக் கையில வாங்கிக்கற குருக்கள் ஒரு புரதமாத்தான் இருக்கணும். யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நாம அவரைத் தேடப் போறோம்."

நாம என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை தட்டு வேண்டுமானாலும் பார்த்திருப்பேன்.

மருந்து கொடுத்துப் புழுக்களின் ஜீன்களில் அங்கங்கே கோளாறு உண்டாக்குவோம். அதுகளின் பேரப்பிள்ளைகளில், சீட்டு சரியாக இருந்தும் சீட்டு இல்லாததுபோலத் தவிக்கிற புழு எங்காவது இருக்கிறதா என்று தேடுவோம். அப்படி ஒன்று கிடைத்தால் அதற்குக் குருக்கள் கெட்டிருக்கலாம் என்பது கணக்கு. இரண்டு மைக்ராஸ்கோப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்போம். பேச்சே இருக்காது. அவர் மெதுவாக ஏதாவது கீர்த்தனை முணுமுணுப்பார், நான் ஸ்ரீராமஜெயம். இன்றைக்கும் எனக்கு எந்த நாள் திரும்பி வர வேண்டும் என்று சாமி கேட்டால், கல்யாண நாளைச் சொல்ல மாட்டேன். மனைவி இதைப் படித்தால் படிக்கட்டும். ஜன்னல் வழியே அடையாற்றுக் காற்று வந்துகொண்டிருந்த அந்தக் காலை நேரங்களில் ஒன்றைத்தான் கேட்பேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் தேடினோம். ஒரு மார்ச் மாதம், ஆயிரக்கணக்கில் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, ஒரு தட்டின் ஓரத்தில் ஒன்று தென்பட்டது. நீளமாக, ஒடிசலாக, வயிறு முழுக்க முட்டையோடு, இழுத்து இழுத்து ஊர்ந்துகொண்டிருந்தது. மேடத்தைக் கூப்பிட்டேன். என் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அண்ணா, இது நம்ம பொண்ணு" என்றார்.

அதன் பிள்ளைகளும் அப்படியே பிறந்தன. ஆனால் எல்லாம் சாகவில்லை. அரைகுறையாகப் பிழைத்து, கொஞ்சம் முட்டை போட்டு, வம்சத்தை நகர்த்தின. சீட்டு சரியாக இருக்கிறது என்று மேடம் சோதித்துவிட்டார். இரண்டு தலைமுறை பார்த்திருப்பார், அதற்குள் அவருக்கே உடம்பு ஒத்துழைக்கவில்லை. வயிற்றில் முதல் குழந்தை, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏப்ரலில் லீவில் போகும்போது அந்தத் தட்டை என் கையில் கொடுத்தார். அவ்வப்போது புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும், மாற்றும்போது நம்ம பொண்ணு மாதிரி இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும், பழைய தட்டுகளை மூடி ஒட்டிக் குளிர் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும் என்றார்.

பழைய தட்டுகள் எதற்கு என்பதையும் சொன்னார். சாப்பாடு தீர்ந்ததும் குஞ்சுப் புழுக்கள் வாயை மூடிக்கொண்டு, வளராமல், அசையாமல் இருந்துவிடும். குளிர்ச்சியில் மாதக்கணக்கில் இருக்கும். மறுபடி சாப்பாடு காட்டினால் விட்ட இடத்திலிருந்து வளரும். எனக்கு அது தவம் என்றுதான் தோன்றியது. கீழ்த்தட்டுக்குத் தவத்தட்டு என்று பெயர் வைத்தேன். உறைய வைத்து எடுத்து வைக்கவும் முயன்றோம். இந்த நோஞ்சான் வம்சம் உறைந்து மீளவில்லை. அதனால் எல்லாம் கம்பி நுனியிலும் தவத்தட்டிலும்தான் இருந்தது.

ஏப்ரல் முழுக்க, மே கடைசிவரை, ஏறக்குறையப் பத்துத் தலைமுறை மாற்றினேன். ஒவ்வொன்றும் முதல் புழுவைப்போலவே ஒடிசல், வயிறு நிறைய முட்டை, இழுத்து இழுத்து நடை. அதையே பார்த்து எடுத்தேன். சில நாள் தாய் செத்து, உள்ளேயிருந்து குஞ்சுகள் வருவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே மேடம் வயிற்றில் பிள்ளையோடு படுத்திருக்கிறார், இங்கே இப்படி. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனசு என்னவோ போல் இருக்க, ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினேன். வந்து பார்த்தால் கரண்ட் இல்லை. எலெக்ட்ரீஷியன் ஜெனரேட்டருக்கு முன்னால் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். "காலைலேந்து பார்த்துக்கினு கீறேன் சாமி, ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது" என்றார். புழுத் தட்டுகளை இருபது டிகிரியில் வைத்திருக்க வேண்டிய இன்குபேட்டர் அடுப்பு மாதிரி கொதித்தது.

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கே திரும்ப ஓடினேன். மீன் கடையில் ஐஸ் கெஞ்சி வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு, ஆட்டோவில் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை குளித்துப் பூஜை செய்த உடம்பெல்லாம் மீன் வாடை. அறையில் இருந்த எல்லோருடைய தட்டுகளையும் அந்தப் பெட்டியில் அடுக்கினேன். நம்ம பொண்ணு தட்டும் அதில்தான், நல்ல புழுக்களின் தட்டுகளோடு தட்டாக. ஐஸ் உருகி, மூடிகள் வேர்த்து வழுக்கின. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மேடம் வரும்வரை இந்த வம்சம் பிழைத்திருந்தால் போதும் என்பதுதான் வேண்டுதல். சாயங்காலம் கரண்ட் வந்தது.

மறுநாள் தட்டைத் திறந்தேன். ஒடிசல் புழுக்கள் பாதி செத்திருந்தன, மீதி துவண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவில் இரண்டு மூன்று மட்டும் கொழுகொழுவென்று அலைபோல் ஓடிக்கொண்டிருந்தன. வேண்டுதல் பலித்துவிட்டது என்று கண்ணில் நீர் வந்தது. கம்பியைப் பழுக்க வைத்தேன், ஸ்ரீராமஜெயம் சொன்னேன், அந்தக் கொழுத்ததைத்தான் எடுத்தேன்.

அடுத்த தடவையும் நல்லதாகப் பார்த்தே எடுத்தேன். அதற்கடுத்த தடவையும். நோஞ்சானை எடுத்து வம்சம் நின்றுபோனால் மேடத்துக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயம். நம்ம பொண்ணு மாதிரி இருப்பதை எடுங்கோ என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. என் இரக்கம் அதைவிடப் பெரிது என்று நினைத்துக்கொண்டேன். ஜூனில் வடைமாலையும் சாத்திவிட்டு வந்தேன்.

ஜூலையில் மேடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபீஸ் போனில் கூப்பிட்டு, நம்ம பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கா, நீங்க நிம்மதியா இருங்க என்றேன்.

செப்டம்பர் கடைசியில் வந்தார். இளைத்திருந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். நான் பெருமையோடு தட்டைத் திறந்து வைத்தேன். வெகுநேரம் குனிந்தே இருந்தார். ஆனால் இந்தத் தடவை அவர் முதுகைப் பார்த்ததுமே எனக்கு என்னவோ விளங்கிவிட்டது.

"இது நம்ம பொண்ணு இல்லையே அண்ணா."

நடுவில் ஏதாவது ஆயிற்றா என்று கேட்டார். கரண்ட் போனதைச் சொன்னேன், ஐஸ் பெட்டியைச் சொன்னேன். அப்புறம் எப்படி எடுத்தீர்கள் என்றார். எப்போதும் போலத்தான் என்றேன்.

இப்படித்தான் பொய் வரும் பிள்ளைகளே. யோசித்துச் சொல்வதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும், அப்புறம் அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும்.

பெரிய சார் வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, நியாயமாகத்தான் பேசினார். மார்ச், ஏப்ரல் வெயிலில் பிறந்த புழு, சூடு தாங்காமல் அப்படி ஆகியிருக்கும். இப்போது குளிர்ச்சியில் வைத்ததும் தேறிவிட்டது. பிறவிக் கோளாறாக இருந்தால் தேறுமா என்றார். பூஜை லீவு முடிந்ததும் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற கமிட்டிக்காரர்கள் வருவார்கள். காட்டுவதற்குப் புழு இல்லையென்றால் குருக்களைத் தேடுகிற வேலையை நிறுத்திவிட்டு வேறு வேலை எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் வாதாடவில்லை. இரண்டு நாள் கழித்து, "எனக்கே நம்பிக்கை இல்லாம போயிடுத்து அண்ணா. ஆசைப்பட்டுப் பார்த்தா கண்ணு இல்லாததைக்கூடக் காட்டும் போலருக்கு" என்றார்.

எனக்குத் தெரியும், அவர் கண் பொய் சொல்லவில்லை என்று. இன்குபேட்டர் ஒழுங்காக ஓடிய அந்த இரண்டு மாதத்தில் பத்துத் தலைமுறையும் ஒடிசலாகவே பிறந்ததைப் பார்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் எப்படித் தேறியது என்பதுதான். அதற்குப் பதில் என் கை. உங்க கை ராசி அண்ணா என்று எத்தனையோ தடவை சொன்னவர் முன்னால் அதை எப்படிச் சொல்வேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் தள்ளினேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முதல் நாள் எங்கள் வழக்கம் உங்களுக்கும் தெரியும். அலமாரி நகர்த்தி, ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, வேண்டாததையெல்லாம் ஒழித்துவிடுவோம். அந்த வருஷம் மனசுக்குள் இருந்த அழுக்கெல்லாம் சேர்த்துக் கழுவுகிறவனைப்போல வேலை செய்தேன். இன்குபேட்டரைத் துடைத்தேன். குளிர் அலமாரியின் கீழ்த்தட்டில் மாதக்கணக்காக அடைந்து கிடந்த காய்ந்த தட்டுகளையெல்லாம் பையில் போட்டு, கொதி நீராவியில் அவிக்கிற ஆட்டோகிளேவில் ஏற்றினேன். அறை பளபளவென்று ஆயிற்று. எலெக்ட்ரீஷியன்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, கோயிலா ஆக்கிட்ட?" என்றார்.

மறுநாள் மேடம் குழந்தையோடு வந்தார். மைக்ராஸ்கோப்புகளுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்தான் கற்பூரம் காட்டினேன். எல்லோரும் பொரியை வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். மேடம் தன் மைக்ராஸ்கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், ஊருக்குப் போகிறவரிடம் விடைபெறுவதுபோல. கற்பூரம் தொட்ட கையோடு அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பத்துத் தலைமுறை ஒடிசலாகவே இருந்ததை, ஐஸ் பெட்டிக்கு மறுநாள் கொழுத்ததை எடுத்ததை, அப்புறம் எப்போதும் நல்லதையே எடுத்ததை, எப்போதும் போலத்தான் என்று பொய் சொன்னதை.

அவர் கோபப்படவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்போ பெட்டியில மூடி வழுக்கி, பக்கத்துத் தட்டு நல்ல புழு நம்ம தட்டுக்கு வந்துடுத்து. நீங்க எடுத்தது பக்கத்தாத்துப் பொண்ணை. நம்ம பொண்ணு வேற." குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு பரபரப்பாகக் கேட்டார். "மேக்கு முன்னால உள்ள தட்டெல்லாம் இருக்குமே அண்ணா? தவத்தட்டுல?"

தவத்தட்டு இருந்த இடத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கழுவித் துடைத்து, கோலப்பொடியில் சின்னதாக ஒரு தாமரை போட்டிருந்தேன். கழுவுகிற வேகத்தில் அந்தத் தட்டுகள் எதற்கு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

நேற்றுக் காலையில் சொல்லியிருந்தால்கூடப் போதும். தட்டில் ஒரு சொட்டு சாப்பாடு விட்டிருந்தால், தவத்திலிருந்து ஒன்றாவது எழுந்திருக்கலாம்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை அவர் தோளில் தூங்கிப்போயிருந்தது. பிறகு அவர் கேட்டார்.

"பத்துத் தலைமுறை பார்த்தேளா?"

"ஆமா மேடம்."

"எல்லாம் அதே மாதிரி?"

"எல்லாம் அதே மாதிரிதான்."

"அப்போ அது நெஜம் அண்ணா. என் கண்ணு பொய் சொல்லலை."

அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பத்து நாளில் அவர் முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. அவருடைய ஆராய்ச்சி நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, பேனாவைக் கொடுத்து, பார்த்ததை எழுதுங்கள் என்றார். தமிழில் இரண்டு பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். ஆங்கிலமும் படங்களும் நிறைந்த அந்த நோட்டில் தமிழில் இருப்பது அந்த இரண்டு பக்கம் மட்டும்தான்.

அது கமிட்டிக்குப் போதவில்லை. புழு இல்லாமல் வாய்ச்சொல்லை வைத்து என்ன செய்வார்கள். குருக்களைத் தேடும் வேலை நின்றது. மேடம் இன்னும் ஒரு வருஷம் வேறு வேலை பார்த்தார், பிறகு கணவருக்கு மாற்றலாகி வெளியூர் போனார். அங்கே ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். பக்கத்து மைக்ராஸ்கோப்பில் வேறு யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

சில வருஷம் போயிற்று. பங்குனித் திருவிழாவுக்கு மயிலாப்பூர் வந்தவர், அப்படியே அடையாறுக்கும் வந்தார். கூடவே அந்தப் பெண், பள்ளிக்கூடம் போகிற வயது. மேடம் கைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து என் மேஜையில் விரித்தார். வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்களாம். துண்டு ஆர்என்ஏவைக் கையில் வாங்கிக்கொண்டு வேலை செய்வது ஒரு புரதம்தானாம்.

"ஒருத்தர் இல்லை அண்ணா, ரெண்டு குருக்கள். ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி. ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தர் பாத்துக்கறார், ஆனா முழுசா முடியலை. அதான் நம்ம பொண்ணு சாகவும் இல்லை, சரியா வாழவும் இல்லை."

பக்கத்தைத் திருப்பினார். அதில் ஒரு புழுவின் படம் இருந்தது. அந்தப் புரதம் கெட்ட புழு. அந்த ஆங்கிலம் எனக்குப் படிக்க வராது, படம் பார்க்க வரும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"நம்ம பொண்ணு மாதிரிதான் இருக்கு மேடம்."

"இருக்கலாம்" என்றார். படத்தை விரலால் தொட்டு, "நம்மகிட்ட இல்லையே அண்ணா, எப்படிச் சொல்றது?" என்றார்.

இல்லாததை இருப்பதாகச் சொல்லாத மனசு. அதுதான் அவர். போகும்போது அந்த ஜெராக்ஸை எனக்கே விட்டுவிட்டுப் போனார். வீட்டில் பூஜை அலமாரியில் வைத்தேன். புழுப் படத்தையா சாமி பக்கத்துல வெப்பாங்க என்று மனைவி கேட்டாள். ஆஞ்சநேயர் காலடியில் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள், ஆனால் எடுக்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்துதான் ஆயுத பூஜையில் தவத்தட்டிலிருந்து ஒரு பழைய தட்டை எடுத்துப் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். பூஜைக்கு முதல் நாள் எதையும் தூக்கிப் போடுவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். மனசில் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருந்தால், பெருக்குவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். நோஞ்சானைப் பார்த்து இரக்கப்படுங்கள், ஆனால் அந்த இரக்கத்தைக் கம்பி நுனிக்குக் கொண்டுபோகாதீர்கள். தட்டு வைப்பது இதற்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பூஜையன்று பஸ் ஏறி வருகிறேனே, அது பொரிக்காக இல்லை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அந்தப் பொட்டு வைத்த தட்டைத் திறந்து ஒரு சொட்டு சாப்பாடு விட்டுவிட்டுப் போகிறேன். தவம் கலைய இரண்டு நாள் ஆகும். மூன்றாம் நாள் மறுபடி வந்து, உங்கள் மைக்ராஸ்கோப்பைக் கொஞ்சம் இரவல் கேட்கிறேன். கிழவர் பழக்கதோஷத்தில் பார்க்கிறார் என்று இடம் விட்டுக் கொடுக்கிறீர்கள், அதற்கு நன்றி. நீளமாக, ஒடிசலாக, இழுத்து இழுத்து ஊர்கிற ஒன்று ஓரத்தில் எங்காவது இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன்.

போன வருஷமும் ஒரு மணி நேரம் பார்த்தேன். எல்லாம் நல்ல புழுக்களாகவே இருந்தன.